பிந்திய பதிவின் விலை: காரைநகரில் சுயதொழிலும் வருமான வரியும்

காரைநகரில் மேசன், ஓடாவி, பைபர் படகு திருத்துபவர், சம்மாட்டி, தனியார் கல்வி நிலைய ஆசிரியர், கசூரினா கடற்கரையில் கடை வைத்திருப்பவர் என்று சொந்தக் கையை நம்பிப் பிழைக்கும் எவரிடமும் "தொழில் பதிஞ்சிருக்கோ?" என்று கேட்டால், "ஓம், பதிஞ்சுதான் இருக்கு" என்ற பதில் வரும். அந்தப் பதிலில் பொய் இல்லை. ஒருவர் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்திருப்பார். இன்னொருவர் பிரதேச சபைக்கு ஆண்டுதோறும் பணம் கட்டி வியாபார அனுமதிப்பத்திரம் எடுத்திருப்பார். டின் இலக்கம் கட்டாயமாகிறது என்று 2024 தொடக்கத்தில் நாடெங்கும் எழுந்த பதற்றத்தில் அதை எடுத்தவர்களும் உண்டு. இந்த மூன்றில் எதுவுமே வருமான வரிக் கோவை ஆகாது. டின் இலக்கம் என்பது வரி செலுத்துநரை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க எண். அதை எடுத்த பிறகும், வருமான வரி என்ற வரிவகைக்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் தனியாகப் பதிய வேண்டும், ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்க வேண்டும். பிந்திய பதிவு பற்றிய சிக்கல்களில் பாதி, "எல்லாம் பதிந்தாயிற்று" என்ற இந்த நிம்மதியில்தான் தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மறுஆண்டு மார்ச் 31இல் முடியும். வரிக்கு உட்படும் அளவுக்கு வருமானம் கண்ட ஒருவர், முன்னர் பதியாதவராக இருந்தால், ஆண்டு முடிந்து 30 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஆண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளில் தவணை வரி கட்ட வேண்டும். மீதியைச் செப்டெம்பர் 30க்குள் தீர்த்து, நவம்பர் 30க்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். பதிவு ஒன்று பிந்தினால் இந்தத் திகதிகள் எல்லாமே தவறிப் போகின்றன. ஆகவே பிந்திய பதிவுக்குத் தண்டனை ஒன்றல்ல. ஒன்றன் மேல் ஒன்றாகப் பல.

மக்கள் ஏன் பிந்துகிறார்கள் என்பதற்கு அலட்சியம் மட்டும் காரணம் என்று சொல்வது அநியாயம். வரி தொடங்கும் எல்லையே ஓரிடத்தில் நிற்கவில்லை. 2019 இறுதிவரை ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை விலக்கு இருந்தது. 2020 ஜனவரி 1 முதல் அது ஒரேயடியாக முப்பது இலட்சம் ஆயிற்று. நாடு வங்குரோத்து நிலைக்குப் போன பின், 2023 ஜனவரி 1 முதல் பன்னிரண்டு இலட்சமாகக் கீழே இறங்கியது. 2025 ஏப்ரல் 1 முதல் பதினெட்டு இலட்சம். ஆண்டுக்கு இருபது இலட்சம் நிகர இலாபம் காண்பவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் 2019இல் வரிக்குள் இருந்தார், 2020இல் வெளியே வந்தார், 2023இல் மறுபடி உள்ளே போனார். இந்த மாற்றங்களில் இரண்டு மதிப்பீட்டு ஆண்டின் நடுவிலேயே வந்து விழுந்தன. மூன்று வருடம் "உனக்கு வரி இல்லை" என்று இருந்தவருக்கு, "இனி உண்டு" என்று யார் போய்ச் சொன்னார்கள்? மாதச் சம்பளக்காரருக்கு அவருடைய சம்பளச் சிட்டையே சொல்லிவிடும். சுயதொழில்காரருக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை.

அதேவேளை அரசின் பக்கத்து நியாயத்தையும் மறைக்கக் கூடாது. 2022இல் இலங்கையின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 7.3 வீதம்தான். உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று அது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ மூன்று பில்லியன் டொலர் கடனுக்கு இணங்கியபோது, வரி வலையை விரிப்பது முதன்மையான நிபந்தனைகளுள் ஒன்றாக இருந்தது. நல்ல சம்பளம் வாங்கும் வைத்தியருக்கும் வங்கி உத்தியோகத்தருக்கும் கையில் காசு வருமுன்னரே மாதாமாதம் வரி கழிக்கப்படுகிறது. அதே வருமானம் காணும் ஒப்பந்தக்காரர் ஒன்றும் கட்டாமல் இருப்பதை நியாயம் என்று நான் ஒருபோதும் வாதாட மாட்டேன். பதிய வேண்டியவர் பதியத்தான் வேண்டும். என் கேள்வி, பிந்தி வருபவரிடம் அரசு என்ன விலை கேட்கிறது என்பதே.

அதை ஒரு கணக்கால் பார்ப்போம். காரைநகரில் பைபர் படகும் அவுட்போர்ட் எஞ்சினும் திருத்தும் ஒருவர். 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு வளர்ந்த சீநோர் படகுத் தளம் இருந்த ஊர் என்பதால், இந்தத் தொழில் தெரிந்த கைகள் இங்கே உண்டு. 2023/24 மதிப்பீட்டு ஆண்டில் செலவெல்லாம் போக அவருக்கு நிகர இலாபம் இருபத்து நான்கு இலட்சம் ரூபாய் என்று வைப்போம். விலக்கு பன்னிரண்டு இலட்சம். மீதிப் பன்னிரண்டு இலட்சத்தில் முதல் ஐந்து இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த ஐந்து இலட்சத்துக்கு 12 வீதம், எஞ்சிய இரண்டு இலட்சத்துக்கு 18 வீதம். மொத்த வரி 1,26,000 ரூபாய். மாதம் பத்தாயிரத்துச் சொச்சம். கசப்புத்தான், ஆனால் கட்டக்கூடிய தொகை.

இவர் 2024 நவம்பர் 30இல் கொடுக்க வேண்டிய அறிக்கையைப் பதிவு பிந்தியதால் சரியாக ஒரு வருடம் கழித்துக் கொடுக்கிறார். சட்டத்தின் 178ஆம் பிரிவின்படி தாமதத் தண்டப்பணம் இரண்டு வழிகளில் கணிக்கப்படும். ஒன்று, செலுத்த வேண்டிய வரியில் 5 வீதமும், தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 1 வீதமும். மற்றது, 50,000 ரூபாயும் ஒவ்வொரு மாதத்துக்கும் 10,000 ரூபாயும். இரண்டில் எது பெரிதோ அதுவே தண்டப்பணம். உச்ச வரம்பு நான்கு இலட்சம். முதல் வழியில் இவருடைய தண்டம் 17 வீதம், அதாவது 21,420 ரூபாய். இரண்டாவது வழியில் 1,70,000 ரூபாய். சட்டம் பெரியதைத்தான் எடுக்கும். வரியை நேரத்துக்குக் கட்டாததற்கு 20 வீதம், 25,200 ரூபாய். செப்டெம்பர் 30இலிருந்து பதினான்கு மாதத்துக்கு மாதம் ஒன்றரை வீத வட்டி, சாதாரண வட்டியாகப் பார்த்தாலே 26,460 ரூபாய். தவணைகள் தவறியதற்கான கணக்கை நான் சேர்க்கவில்லை. இவ்வளவோடு மட்டுமே 2,21,660 ரூபாய் ஆகிறது. பதியாமல் விட்டதற்கு 50,000 ரூபாய் வரை வேறு விதிக்கலாம். ஒன்றேகால் இலட்ச வரிக்கு ஏறத்தாழ இரண்டேகால் இலட்சம் மேலதிகச் சுமை.

பிழை எங்கே இருக்கிறது என்று இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன: 21,420, 1,70,000. கொழும்பில் ஆண்டுக்குப் பதினைந்து இலட்சம் ரூபாய் வரி கட்ட வேண்டிய ஒருவர் இதே ஒரு வருடம் பிந்தினால், அவருக்கு வீதக் கணக்குப்படி 2,55,000 ரூபாய். அவருடைய வரியில் அது ஆறில் ஒரு பங்கு. நம் படகுத் திருத்துநருக்கோ தாமத அறிக்கைக்கான தண்டம் மட்டுமே வரியை விடப் பெரிது. வருமானம் சிறுத்தவருக்குத் தண்டம் பெருத்துப் போகும்படி சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. பிந்திய பதிவின் விளைவுகளில் மிகக் கொடியது இதுதான் என்பது என் கணிப்பு. இதனால்தான் ஒரு வருடம் பிந்தியவர் இரண்டாம் வருடம் வெளியே வரப் பயப்படுகிறார், இரண்டாம் வருடம் மூன்றாகிறது. தண்டம் உச்சமாகிய நான்கு இலட்சத்தைத் தொட முப்பத்தைந்து மாதம் போதும்.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? காரைநகர் மக்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவில் தாமத அறிக்கைக்குத் தண்டம் 5 வீதமும் மாதத்துக்கு 1 வீதமும், அதிகபட்சம் பன்னிரண்டு மாதம். இலங்கைச் சட்டத்தின் முதல் வழியில் உள்ள வீதங்களும் அவையே. ஆனால் அங்கே ஐம்பதாயிரம் போன்ற குறைந்தபட்சத் தொகை கிடையாது. வரி நிலுவை இல்லையென்றால் இந்தத் தண்டமும் இல்லை. தமிழ்நாட்டில் சிறு வியாபாரிக்கு 2026 மார்ச் வரை நடைமுறையில் இருந்தது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் ஏற்பாடு. அதன் 234எஃப் பிரிவு, மொத்த வருமானம் ஐந்து இலட்சத்துக்கு மேற்படாதவருக்கு ஆயிரம் ரூபாய், அதற்கு மேற்பட்டவருக்கு ஐயாயிரம் ரூபாய் என்று தாமதக் கட்டணத்தை வருமானத்துக்கு ஏற்பப் பிரித்தது. 44ஏடி பிரிவோ இன்னும் ஒரு படி மேலே போய், சிறு வியாபாரி விரும்பினால் விற்பனையில் 8 வீதத்தை, வங்கி வழியே பெற்றால் 6 வீதத்தை, இலாபமாகக் காட்டிவிட்டு முழுக் கணக்குப் புத்தகம் வைக்காமல் இருக்க விட்டது. இந்த இரண்டில் ஒன்றாவது இலங்கைக்குத் தேவை.

கணக்குப் புத்தகம் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. தண்டப்பணத்தை விட அமைதியாக வந்து அடிப்பது இதுதான். வரி நிகர இலாபத்துக்கே. பிசின், பைபர் பாய், பலகை, எஞ்சின் உதிரிப்பாகம், உதவியாளின் கூலி எல்லாம் செலவாகக் கழியும். ஆனால் கழிக்க ஆதாரம் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கடைகளில் இப்போது தருவது பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் வழுவழுப்பான சிட்டை. சட்டைப் பையில் ஒரு மாதம் கிடந்தாலே எழுத்து மங்கும். வெயில் படும் பட்டறையில் வைத்தால் வெற்றுத் தாளாகிவிடும். கூலி கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்கும் வழக்கம் அரிது; கொப்பியில் "ராசனுக்கு 2500" என்று பென்சிலால் எழுதியிருந்தால் அதுவே பெரிது. இரண்டு வருடம் கழித்துப் பதியப் போகிறவரிடம் வரவு மட்டும் வங்கிக் கணக்கில் தெளிவாகத் தெரியும். செலவு எங்கும் தெரியாது. அப்போது இருபத்து நான்கு இலட்ச இலாபம் என்று நாம் போட்ட கணக்கு, காகிதத்தில் முப்பது, முப்பத்தைந்து இலட்சமாக வீங்கி நிற்கும். பதிவேடுகளை ஐந்து வருடம் வைத்திருக்கச் சட்டம் கேட்கிறது. பதியாதவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

இதற்கு இணையான இன்னொரு தொல்லை சொத்து விவரம். அறிக்கையோடு சொத்துக்கள், பொறுப்புக்கள் பற்றிய கூற்றும் போக வேண்டும். 2021இல் வாங்கிய காணி, 2022இல் போட்ட மேல்மாடி, இப்போது நிற்கும் வான் எல்லாம் முதன்முறையாக 2025இல் ஒரே தாளில் தோன்றும்போது, "பணம் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி இயல்பாகவே எழும். முப்பது இலட்ச விலக்கு இருந்த காலத்தில் நேர்மையாக உழைத்துச் சேர்த்த காசாக இருக்கலாம். ரொறொன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ அண்ணன் அனுப்பியதாக இருக்கலாம். வங்கி வழியாக வந்திருந்தால் ஒரு துண்டு போதும். வங்கிக்கு வெளியே, உண்டியல் முறையில் வந்திருந்தால் காட்ட ஒன்றுமில்லை. காரைநகர் உள்ளிட்ட யாழ்ப்பாணத் தீவகத்தில் வெளிநாட்டுக் காசு உண்டியலில் வந்த காலம் நீண்டது, அதற்குப் போர்க்காலத்து நியாயமும் இருந்தது. இன்று அந்த வழக்கம் அண்ணனின் அன்பளிப்பைத் தம்பியின் ஒளித்த வருமானம் போலக் காட்டிவிடுகிறது.

வரலாற்றையும் மறக்க முடியாது. இலங்கையில் வருமான வரி 1932இல் வந்தது. அக்காலத்திலேயே காரைநகர் வியாபாரிகள் தென்னிலங்கையின் நகரங்களில் கடை வைத்திருந்தார்கள். கணக்கப்பிள்ளை வைத்துப் பேரேடு எழுதுவது அவர்களுக்குத் தொழிலின் பாகம். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையில் கடைகள் எரிந்தபோது ஏடுகளும் எரிந்தன. 1991இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்கள் தொழிலைக் கைக்காசில் தொடங்கினார்கள். எழுத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை. ஒரு தலைமுறை வரித் திணைக்களத்தின் கடிதம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் தொழில் செய்து ஓய்வும் பெற்றுவிட்டது. பேரேட்டுக்குப் பேர் போன ஊரின் பேரப்பிள்ளைகள் இன்று கொப்பி இல்லாமல் தொழில் செய்வதற்குக் காரணம் சோம்பல் அல்ல.

பணத் தண்டம் தவிர்ந்த விளைவுகள் இப்போது அன்றாட வாழ்க்கையிலும் தட்டுப்படத் தொடங்கிவிட்டன. நடைமுறைக் கணக்குத் திறக்க, கட்டட வரைபடத்துக்கு அனுமதி பெற, வாகனம் பதிய, காணி உரிமை மாற்ற டின் இலக்கம் கேட்பது என்று 2024இல் தொடங்கிய ஏற்பாடு படிப்படியாக இறுகி வருகிறது. வங்கி கடன் கொடுக்குமுன் கடந்த ஆண்டுகளின் அறிக்கைப் பிரதிகளைக் கேட்கும். பிள்ளையைப் பார்க்க வெளிநாடு போக விசாவுக்கு விண்ணப்பிக்கும் தந்தை, ஊரில் தனக்குத் தொழிலும் வருமானமும் உண்டென்று காட்ட வேண்டியிருக்கும். இவற்றில் எதற்கும் பழைய திகதியிட்டு ஒரு பதிவைப் பெற்றுவிட முடியாது.

பதிவு பிந்தியதன் விலை ஒரு நெருக்கடியில் எப்படி வெளிப்படும் என்பதைக் காண பிரித்தானியாவைப் பார்க்க வேண்டும். அங்கே சுயதொழில் தொடங்கியவர், ஏப்ரல் 5இல் வரியாண்டு முடிந்த பின் வரும் ஒக்டோபர் 5க்குள் பதிய வேண்டும். 2020இல் கொரோனா வந்தபோது சுயதொழில்காரருக்கு அரசு உதவித்தொகை அறிவித்தது: சராசரி இலாபத்தில் 80 வீதம், மூன்று மாதத்துக்கு 7,500 பவுண் வரை. நிபந்தனை, 2018/19 ஆண்டின் வரி அறிக்கை 2020 ஏப்ரல் 23க்குள் கையளிக்கப்பட்டிருக்க வேண்டும். அறிக்கை இல்லாதவருக்கு ஒரு பென்னியும் இல்லை. 2019 ஏப்ரலுக்குப் பின் தொழில் தொடங்கியவர்கள், தங்கள் பிழை எதுவும் இன்றியே, 2021இல் வந்த நான்காவது தவணை வரை காத்திருந்தார்கள். முன்னரே தொழில் செய்துகொண்டிருந்தும் பதியாதிருந்தவருக்கு வாதாடவே வழியில்லை.

ஓய்வூதியமும் அப்படித்தான். பிரித்தானியாவில் முழு அரச ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டுகளின் பங்களிப்பு வேண்டும். கனடாவில் சுயதொழில்காரர் நான்கு வருடத்துக்கு மேல் அறிக்கையைப் பிந்தினால், அந்த ஆண்டு உழைப்பு அவருடைய ஓய்வூதியத் திட்டத்தில் சேராது. அந்த நாடுகளில் பதிவு பிந்துவது முதுமைக் காலத்து வருமானத்தையும் குறைக்கும். இங்கே நிலை வேறு. இலங்கையில் வருமான வரிக் கோவை திறப்பதால் சுயதொழில்காரருக்கு ஓய்வூதியம் ஏதும் சேர்வதில்லை. அதற்குச் சமூகப் பாதுகாப்புச் சபையில் தனியாகச் சேர வேண்டும். ஒரு கையால் தண்டத்தைக் காட்டும் அரசு மறு கையில் எதையும் நீட்டவில்லை என்பதை மக்கள் கவனிக்காமல் இல்லை. பதிவையும் ஓய்வூதியத்தையும் இணைத்தால், பிந்தி வருபவர் எண்ணிக்கை தானே குறையும்.

புதிதாக அகப்படப் போகிறவர்கள் இளைஞர். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள், வடிவமைப்பு, கணக்கியல் வேலை செய்பவர்கள் தீவகத்திலும் இருக்கிறார்கள். வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியே வரும் சேவை வருமானத்துக்கு 2025 மார்ச் வரை இருந்த விலக்கு நீங்கிவிட்டது. ஏப்ரல் 1 முதல் உச்சம் 15 வீத வரி உண்டு. "எங்களுக்கு வரி இல்லை" என்று நேற்றுவரை சரியாகச் சொன்னவர் இன்றும் அதையே சொல்லிக்கொண்டிருந்தால், மேலே போட்ட கணக்கு அவருக்கும் பொருந்தும்.

அரசு செய்ய வேண்டியதில் முதலாவது, 178ஆம் பிரிவின் குறைந்தபட்சத் தொகையைச் சிறு வரி செலுத்துநருக்கு நீக்குவது அல்லது செலுத்த வேண்டிய வரிக்கு மேற்படாதபடி கட்டுவது. இரண்டாவது, கடிதம் வருமுன் தானாக வருபவருக்கும் பிடிபட்டு வருபவருக்கும் வேறுபாடு வைப்பது. பிரித்தானியாவில், வேண்டுமென்றே செய்யாத தாமதத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குள் தானாக முன்வந்து சொன்னால் பதியாமைக்கான தண்டத்தைப் பூச்சியம் வரை குறைக்க இடமுண்டு; மறைத்துப் பிடிபட்டால் அது வரியின் 100 வீதம் வரை போகும். மூன்றாவது, யாழ்ப்பாணத்தில் உள்ள பிராந்திய அலுவலகம் தீவகத்துக்கு வர வேண்டும். நெடுந்தீவுக்காரர் படகேறிக் குறிகாட்டுவானில் இறங்கிப் பஸ் பிடித்து ஒரு படிவம் கொடுத்துத் திரும்ப ஒரு நாள் உழைப்புப் போகிறது. காரைநகர், ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவுப் பிரதேச செயலகங்களில் ஆண்டுக்கு இரண்டு தடவையாவது, தமிழில் பேசும் அலுவலரோடு நடமாடும் சேவை வைப்பது பெரிய செலவல்ல.

இவை நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதே வாசகருக்கு நான் சொல்ல விரும்புவது. உங்கள் நிகர இலாபம் 2023/24இலோ 2024/25இலோ பன்னிரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தால், அல்லது அதன் பின் பதினெட்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தால், திணைக்களத்தின் கடிதம் வருமுன் நீங்களே போங்கள். அடையாள அட்டை, வியாபாரப் பெயர்ப் பதிவு, அந்த ஆண்டுகளின் வங்கிக் கூற்றுகள், கையில் உள்ள சிட்டைகளின் போட்டோப் பிரதி ஆகியவற்றைக் கொண்டு போங்கள். டின் இருந்தால், வருமான வரி வகைக்கும் பதியப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேட்டு எழுதிக் கொடுங்கள். மதிப்பீடு பிழை என்று பட்டால் 30 நாட்களுக்குள் நிர்வாக மீளாய்வு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த நாளைத் தவற விடாதீர்கள். போகுமுன் 1944 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். தண்டப்பணம் மாதத்துக்குப் பத்தாயிரமாக ஏறுகிறது; இந்த மாதமே போங்கள்.